கொடியேற்றிய சொல்



மந்திரம் என்றவுடன் மண்டையோடும் கோலும் ஏந்திய மந்திரவாதி உங்கள் நினைவுக்கு வரலாம். தமிழ்ச் சான்றோர் கண்ட மந்திரம் அதுவன்று. அஃது ஒரு கல்வி; எழுத்தும் கணக்கும் ஒழுக்கமும் கூடியது.

நிறைவுடைய மாந்தர் தம் ஆணையாற் கூறும் மறைபொருட் சொல்லே மந்திரம் என்பது தொல்காப்பியச் செய்யுளியல் தரும் இலக்கணம். ஆகவே, சொல்லின் ஆற்றல் சொல்பவனது நிறைவைப் பொறுத்தது.

திருமூலரின் திருமந்திரம் ஒன்பது தந்திரங்களால் ஆயது. அதன் நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம் கூறப்படுகிறது. குறுக்கே 12, நெடுக்கே 12 கோடுகள் இட்டால் அறைகள் எத்தனை? 144 என்று விரைந்து விடையிறுக்க வேண்டா; 11ஐ 11ஆற் பெருக்க, 121. அவ்வறைகளில் எழுத்துகளை முறைப்படி அமைத்து வழிபட வேண்டும். கணக்குத் தவறினால் சக்கரமே இல்லை.

திருவம்பலம் என்பது தில்லை, நம் சிதம்பரம். அங்கே வாழ்ந்தவர் உமாபதி சிவாசாரியார். அவர் தம் சங்கற்ப நிராகரணத்தில் குறித்துள்ள சக ஆண்டு 1235, அதாவது கி.பி. 1313. இது வரலாறு. இனி வருவது மரபுவழிக் கதை.

ஒருநாள் அவர் பல்லக்கில், பகலிலும் தீவட்டி பிடிக்கச் சென்றாராம். தெருவில் இருந்த மறைஞான சம்பந்தர், பட்ட மரத்தின்மேல் பகற்குருடு போகிறதென்று நகைத்தார். உமாபதியார் இறங்கினார், அவரையே ஆசானாகக் கொண்டார். நெசவாளர் வார்த்த கஞ்சியை ஆசான் பருக, கையிலிருந்து வழிந்ததைத் தாம் ஏந்தி உண்டார். அதனால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் தங்கினார். பின்னர்த் தில்லைத் திருவிழாவில் கொடி ஏறவில்லை. அவரை அழைத்தனர். அவர் பாட, கொடி ஏறியதாம். அப்பாடல்களே மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாகிய கொடிக்கவி. அதிலுள்ள செய்யுள்கள் நான்கே. அவற்றுள் ஒன்று, ஐந்தெழுத்து முதலியவற்றை எண்ணி, பேசும் எழுத்தோடு பேசாத எழுத்தையும் காட்டுவதற்கே கொடி கட்டினேன் என்கிறது.

"ஐயா, கொடி மெய்யாகவே ஏறிற்றா?" என்று செம்மண்டலத்து மாணவன் ஒருவன் என்னை வினவினான். "ஆண்டு 1313 என்பதற்கு அவரது நூலே சான்று, கொடி ஏறியதற்கு மரபின் வாய்மொழியே சான்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே. ஆனால் கதையைத் தள்ளியும் விடாதே" என்றேன்.

ஏன்? பல்லக்கில் இருந்தபோதே அவர் பெரும்புலவர்தாம். கற்ற நூல்கள் யாவும் அவரிடம் இருந்தன. மாறியது ஒன்றே: அவர் இறங்கினார், மீண்டும் மாணாக்கர் ஆனார். அதன் பின்னரே அவர் சொல் கொடியை ஏற்றியது என்று நம் முன்னோர் நம்பினர்.

கல்வியால் பல்லக்கு ஏறுவோர் பலர். நீங்கள் இறங்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.