பளுத்தண்டின் நிறை: அளவை வரலாற்றில் ஒரு நோக்கு

கல்முனைக் கரைவாழ் மக்களுக்கு அளவை புதியதன்று. நெல்லை மரைக்காலாலும் புசலாலும் முகந்தும், கடைச்சரக்கை றாத்தலாலும் அந்தராலும் நிறுத்தும் பழகியவர் அவர். இத்தகைய நாட்டில், பளு தூக்குவோன் கையிலுள்ள இரும்புத்தண்டின் நிறை யாது என்னும் வினா எளியதெனத் தோன்றலாம். ஆராயுமிடத்து, மனிதர் நிறையை அறிந்துகொண்ட நெடிய வரலாறு அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

புசல் என்பது 8 கலன் கொள்ளும் முகத்தலளவை. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோகிராம் நிற்கும். எனினும் ஈரநெல்லும் உலர்நெல்லும் ஒரே நிறை நிற்பதில்லை. பருமன் கண்ணுக்குத் தெரியும்; நிறையோ தராசுக்கே தெரியும்.

பண்டை வீரர்க்கு இவ்வேறுபாடு பெரிதாகப்படவில்லை. தமிழகத்தின் தென்பகுதிச் சிற்றூர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கியவன் ஊரார் மதிப்பைப் பெற்றான்; கல்லின் நிறையை எவரும் கேட்டிலர். கிரேக்க நாட்டு ஒலிம்பியாவிற் கிடைத்த கல்லொன்று, பிபோன் என்பான் தன்னை ஒரு கையால் தலைக்குமேல் தூக்கினான் என்று கூறுகின்றது. அதன் நிறை 143 கிலோகிராமுக்கு மேற்பட்டது என்பதைப் பிற்கால ஆய்வாளரே நிறுத்தறிந்தனர். ஓர் ஊர்க்கு ஒரு கல் போதும். ஈரூர் வீரரை ஒப்பிடவோ பொது அளவை வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் இருமுனையிலும் உருண்டை பொருந்திய பளுத்தண்டுகள் பரவின. அவற்றுட் சில உள்ளீடற்றவை. மணலோ ஈயக்குண்டோ இட்டு நிறையை மாற்றலாம். உள்ளிருப்பதைக் காணாத அவையினர் வித்தைக்காரன் சொல்லையே நம்பினர். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஜெர்மானியராகிய காஸ்பர் பெர்க் ஆக்கிய வட்டத்தட்டுத் தண்டு பயன்பட்டது. தட்டுகளை எண்ணிக் கூட்டும் முறை நிலைபெறவே, நிறை மறைபொருளாகாது வெளிப்பொருளாயிற்று.

எண் தெரிந்தால் மட்டும் போதுமா? அலகும் ஒன்றாதல் வேண்டும். நம் றாத்தல், அரபு மொழியின் ‘ரத்ல்’ வழிவந்த சொல். பக்தாதின் ரத்லினும் திமிஷ்கின் ரத்ல் பன்மடங்கு பெரிது. பெயர் ஒன்று, பொருள் வேறு. 1959இல் ஆங்கில நாடுகள் சில உடன்பட்டு, ஒரு றாத்தலை 0.45359237 கிலோகிராம் என வரையறுத்தன. இன்றும் 45 றாத்தல் தண்டும் 20 கிலோகிராம் தண்டும் ஒன்றெனக் கருதுவாருளர். முன்னது 20.41 கிலோகிராம், பின்னதைவிடச் சிறிது மிகுதி.

இனிக் கணக்கைக் காண்போம். போட்டியில் ஆடவர் தண்டு 20 கிலோகிராம், மகளிர் தண்டு 15. தட்டு நழுவாது பிணிக்கும் பூட்டு ஒன்று 2.5. ஆடவர் தண்டின் ஒரு பக்கத்தில் 20, 10 கிலோகிராம் தட்டுகள் இருப்பின், இரு பக்கமும் 60; தண்டும் பூட்டுகளும் சேர மொத்தம் 85. தட்டை மட்டும் எண்ணுவோன் 25 கிலோகிராமை, அதாவது ஒரு புசல் நெல்லினும் மிகுந்த சுமையை, மறந்தவனாவான். பயிற்சிக்கூடத் தண்டுகளோ பலதிறத்தன; ஆதலின் அவற்றைத் தராசிலிட்டு நிறுத்தலே தக்கது.

திருக்குறள் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறிற்று. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவிற் குறைப்போரைக் கடிந்துரைத்தது. இவ்விரு மரபும் ஒருங்கே வாழும் இக்கரையில், தன் வலிமையை அளப்பவனும் வணிகனுக்குரிய நேர்மையையே கைக்கொள்ள வேண்டும். சரியாக நிறுக்கப்படாத பளு வலிமைக்குச் சான்றாகாது.