இரண்டு சங்கீதங்கள்

2001-ஆம் வருஷத்து அக்டோபர் மாதக் கடைசியில் அமெரிக்காவில் ஒரு வீடியோ விளையாட்டு விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, நவம்பர் 22-ஆம் தேதி, ஜப்பானில் மற்றொன்று வந்தது. முன்னதன் பெயர் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’. பின்னதன் பெயர் ‘ரெஸ்’. முன்னது அந்த வருஷம் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற விளையாட்டு என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போயிற்று. பின்னதை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் கடைக்காரர்கள் விழித்திருக்க வேண்டும். இரண்டையும் ஆடுவதற்குப் பிளேஸ்டேஷன் 2 என்ற ஒரே பெட்டி போதும்.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். வம்பை நானேதான் விலைக்கு வாங்கினேன். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், இந்த விளையாட்டுகளெல்லாம் சுட்டுத் தள்ளும் காரியமே தவிர வேறொன்றும் இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். என் சகோதரியின் மகன் பதில் பேசவில்லை. மறுநாள் பழைய பெட்டி ஒன்றையும் இரண்டு தட்டுகளையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். “இரண்டிலும் சுடுவதுதான் மாமா. ஆனால் காதைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பத்து இரவுகள் எனக்குத் தூக்கம் கெட்டது.

முதலில் ‘ரெஸ்’ஸைச் சொல்கிறேன். அதைச் செய்தவர் டெட்சுயா மிசுகுச்சி. சேகா கம்பெனியில் கார்ப் பந்தய விளையாட்டு செய்து பெயர் வாங்கியவர். 1997-ல் ஸுரிக் நகரத்துக்குப் போயிருந்தபோது, தெருவெல்லாம் ஜனங்கள் திரண்டு, வண்டிகளில் ஒலிபெருக்கி வைத்து, ஒரே தாளத்துக்கு ஆடிக்கொண்டு போகும் திருவிழாவைப் பார்த்தார். ஒலியும் ஒளியும் ஜனங்களின் அசைவும் ஒன்றாகக் கலந்து நின்ற அந்தக் காட்சி அவரை விடவில்லை. அதே அனுபவத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தனி மனிதனுக்குக் கொடுக்க முடியுமா என்று யோசிக்கத் தொடங்கினார்.

அவருக்கு வழி காட்டியவர் ஓர் ஓவியர். 1866-ல் மாஸ்கோவில் பிறந்த காண்டின்ஸ்கி, வாக்னரின் இசை நாடகம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கையில் தம் கண்முன் வர்ணங்கள் எழுந்ததாகச் சொன்ன மனிதர். 1911 ஜனவரியில் மியூனிக் நகரில் ஷோன்பெர்க்கின் கச்சேரி கேட்டுவிட்டு வந்து, கேட்டதையே படமாக எழுதினார். மேடையையும் வாத்தியத்தையும் பார்த்தபடி எழுதினாரா என்றால் இல்லை. கறுப்பும் மஞ்சளுமாக அப்பினார். சப்தத்துக்கு நிறம் உண்டு, நிறத்துக்குச் சப்தம் உண்டு என்பது அவருடைய கட்சி. தொண்ணூறு வருஷங்களுக்குப் பிறகு மிசுகுச்சியின் கூட்டத்தார் தங்கள் விளையாட்டின் முடிவில் அதைக் காண்டின்ஸ்கிக்குக் காணிக்கை என்று எழுதினார்கள். ஒரு சுடும் விளையாட்டு ஓர் ஓவியருக்குக் காணிக்கையாவதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

விளையாட்டு இதுதான். ஈடன் என்ற செயற்கை அறிவு, உலகத்து அறிவெல்லாம் தன்மேல் வந்து குவிந்ததில் திகைத்து, தான் இருப்பதே எதற்கு என்ற சந்தேகத்தில் தன்னை மூடிக்கொண்டுவிட்டது. அதை எழுப்ப நாம் உள்ளே போகிறோம். வெறும் கோடுகளால் ஆன ஓர் உருவமாக, கோடுகளால் ஆன ஓர் உலகத்தினூடே மிதந்து செல்கிறோம். ஐந்து வட்டாரங்கள். எகிப்து, இந்தியா என்று பண்டை நாகரிகங்களின் சாயல்கள் வழியில் தென்படும். எதிரே வரும் காவல் உருவங்களை எட்டு வரைக்கும் ஒரே சமயத்தில் குறிவைத்து, பொத்தானை விட்டால் குண்டுகள் பாயும்.

சூட்சுமம் இனிமேல்தான். குண்டு பட்டதும் வெடிச் சத்தம் கேட்பதில்லை. ஒரு கொட்டோ ஒரு ஸ்வரமோ கேட்கிறது. அதுவும் பட்ட கணத்தில் அல்ல! பின்னணியில் ஓடும் தாளத்தின் அடுத்த சிற்றெண்ணிக்கை வருகிற வரையில், நொடியில் ஒரு சிறு பங்கு, இயந்திரம் அந்த ஒலியைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டிருந்து, சரியான இடத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. மனிதக் காது அந்தத் தாமதத்தைக் கண்டுகொள்வதில்லை. நான் முன்னால் சுட்டாலும் பின்னால் சுட்டாலும் தாளம் தப்புவதே இல்லை. ஒவ்வொரு படியாக உள்ளே போகப் போகச் சங்கீதத்தில் ஒரு புதிய சரடு சேர்கிறது. முதலில் இதயத் துடிப்பு மாதிரி ஒன்று மட்டும் இருந்தது. பத்து நிமிஷத்தில் அறை முழுவதும் நிறைந்துவிட்டது. போதாக்குறைக்கு, ஜப்பானில் இதனோடு தாளத்துக்கு ஏற்ப அதிரும் ஒரு சிறு பெட்டியையும் சேர்த்து விற்றார்கள். கண், காது இரண்டும் போதவில்லை போலும்!

விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு அதற்கு முன்பே உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். 1978-ல் நிஷிகாடோ செய்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் நான்கு கீழ்ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் குறையக் குறைய, வரைய வேண்டிய உருவங்கள் குறைந்து இயந்திரத்தின் பாரம் இறங்குவதால், மிச்சமிருப்பவை வேகமாக நகரும். அந்த நான்கு ஸ்வரங்களும் துரிதமாகும். ஆடுகிறவனுக்கு வயிற்றைக் கலக்கும். 1996-ல் வந்த ‘பாராப்பா’, 1998-ல் வந்த ‘டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்’ முதலியவை தாளத்தையே பரீட்சையாக வைத்தன. சரியான எண்ணிக்கையில் பொத்தானை அழுத்து, சரியான எண்ணிக்கையில் காலை வை, தப்பினால் தோல்வி. ‘ரெஸ்’ அந்தப் பரீட்சையை எடுத்துவிட்டது.

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எட்டு வயதில் என்னைப் பாட்டு வகுப்பில் சேர்த்தார்கள். மூன்றாவது வாரம் ஆசிரியர் என் தகப்பனாரைக் கூப்பிட்டு, “இந்தப் பிள்ளையிடம் தாளமும் நிற்காது, சுருதியும் சேராது. வீண் செலவு” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. இன்றைக்கும் கச்சேரிகளில் தொடையில் தாளம் போடுகிறவர்களுக்கு நடுவே நான் கையை மடித்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். பக்கத்து நாற்காலிக்காரர் முகம் சுளிப்பாரே என்ற பயம். அப்படிப்பட்டவன், நாற்பத்தேழாவது வயதில், நள்ளிரவில், என் விரலிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு கொட்டும் இடம் தவறாமல் வந்து விழுவதைக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

நான்காவது இரவில் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். இது என் தாளமா? நான் தவறியதையெல்லாம் எனக்குத் தெரியாமல் ஒருவன் திருத்திக்கொண்டே வந்திருக்கிறானே! என் கையெழுத்துப் பிரதியைப் பிழை திருத்துகிறவர் வாக்கியம் வாக்கியமாக மாற்றி அச்சிட்டுவிட்டு, “பிரமாதமாக எழுதியிருக்கிறீர்கள்” என்று என்னிடமே நீட்டினால் எப்படி இருக்கும்? சந்தோஷம் போகவில்லை. ஆனால் அதில் ஒரு கல் அகப்பட்டுவிட்டது.

அந்த மனநிலையில்தான் இரண்டாவது தட்டைப் போட்டேன்.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோவில் டி.எம்.ஏ. டிசைன் என்ற கம்பெனியார் செய்தது. வெளியிட்டவர்கள் ராக்ஸ்டார். முந்தின இரண்டு பாகங்களில் ஊரைப் பருந்துப் பார்வையாக மேலிருந்து காட்டியவர்கள், இதில் நம்மைத் தெருவிலேயே இறக்கி விட்டார்கள். ஊரின் பெயர் லிபர்ட்டி சிட்டி; நியூயார்க்கின் நிழல். அதனால் செப்டம்பர் 11 விபரீதத்துக்குப் பிறகு, வெளியீட்டை மூன்று வாரம் தள்ளி வைத்து, நியூயார்க் போலீஸ் வண்டிகளை ஞாபகப்படுத்திய வர்ணத்தையும் மாற்றினார்கள். கதாநாயகன் ஒரு திருடன். காதலி சுட்டுப் போட்டுவிட்டுப் போனவன். விளையாட்டு முழுவதிலும் ஒரு வார்த்தை பேசமாட்டான். காரைத் திருடலாம், ஆளை அடிக்கலாம், கொல்லலாம். ஆஸ்திரேலியாவில் முதலில் இதை நிறுத்திவிட்டு, திருத்திய பதிப்பைத்தான் விற்க விட்டார்கள். பெற்றோர்களின் கோபத்துக்கு நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைகள் இருக்கும் கூடத்தில் வைத்து ஆடுகிற பண்டம் இல்லை இது.

ஆனால் மருமான் காதைத் திறந்து வைக்கச் சொன்னானே. இந்த ஊரில் சங்கீதம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கார் ரேடியோவிலிருந்து. ஒன்பது நிலையங்கள். ஒன்றில் ரெக்கே, ஒன்றில் வெறும் வம்புப் பேச்சு, ஒன்றில் மோஸார்ட், வெர்டியின் இசை நாடகப் பாடல்கள். திருடின காருக்குள் ஏறினால் ஏதோ ஒரு நிலையம் முன்பே பாடிக்கொண்டிருக்கும். இறங்கினால் பாட்டு அறுந்துவிடும். தெருச் சத்தமும் காலடிச் சத்தமும்தான். மறுபடி ஏறினால், விட்ட இடத்தில் அல்ல, நிகழ்ச்சி நாம் இல்லாமலே நகர்ந்துபோயிருக்கும் இடத்தில் தொடரும்.

முதல் இரவே ஒரு திருப்பத்தில் வண்டி என் கைக்கு அடங்காமல் நடைபாதையில் ஏறி ஒரு மனிதனை அடித்துவிட்டது. கண்ணாடியைத் தாண்டி அவன் விழுவதைப் பார்த்தேன். ரேடியோவில் இத்தாலியப் பாடகர் ஒருவர் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தவில்லை. ஸ்வரம் மாறவில்லை. சோக வாத்தியம் ஒன்றும் தலைகாட்டவில்லை. நான்தான் பெட்டியை நிறுத்தினேன்.

‘ரெஸ்’ஸாக இருந்தால் அந்த மோதல் ஒரு கொட்டாக மாறி, தாளத்தில் போய் அழகாக உட்கார்ந்திருக்கும். அங்கே ஐந்து வட்டாரங்களில் எத்தனை சுட்டேனோ, கணக்கில்லை. சுட்டதாகவே மனத்தில் படவில்லை. அவை மனிதர்கள் அல்ல, கோட்டு உருவங்கள்தாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் செய்கிற காரியமெல்லாம் இனிமையாகவே திரும்பி வந்தால், என்ன செய்கிறோம் என்று பார்க்கத் தோன்றாமல் போகிறது. லிபர்ட்டி சிட்டியின் ரேடியோவுக்கு என்னைத் தெரியாது. நான் கொன்றாலும் அதற்குத் தெரியாது. ஓர் ஊரில் ஒரு வீட்டில் சாவுப் பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் ஒரே சமயத்தில் ஒலிப்பதைப் புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பார்த்துப் பாடிவைத்தார். சந்தையில் லட்சக்கணக்கில் விற்ற, ஒழுக்கக்கேடு என்று பேரெடுத்த ஒரு விளையாட்டில் அந்தப் பழைய காட்சி எனக்கு எதிர்ப்பட்டது. செய்தவர்கள் இதையெல்லாம் நினைத்துத்தான் செய்தார்களா என்றால், கார் என்றால் ரேடியோ இருக்க வேண்டும் என்று மட்டுமே நினைத்திருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

ஆரம்பத்திலிருந்தே ‘ரெஸ்’ ஜெயிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதையே இல்லாத ஒரு சிறு நாவலை ஒரு காலத்தில் நானும் எழுதினேன். அதன் பிரதிகளில் பாதி இன்னும் என் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றன. விற்காத புத்தகம் எழுதினவனுக்கு விற்காத எதைக் கண்டாலும் ஒரு பாசம். விற்றதெல்லாம் மட்டம் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. அந்தச் சௌகரியம் இந்தப் பத்து இரவுகளில் குலைந்துவிட்டது. மட்டம் என்று நான் நினைத்த விளையாட்டில்தான் சங்கீதம் எனக்குப் பொய் சொல்லாமல் இருந்தது.

ஆனால் ‘ரெஸ்’ஸின் கதியை நினைத்தால் இன்னும் மனம் கேட்கவில்லை. அது டிரீம்காஸ்ட் என்ற சேகாவின் சொந்தப் பெட்டிக்காகவும் செய்யப்பட்டது. அந்தப் பெட்டியையோ, 2001 ஜனவரி 31-ஆம் தேதி, இனிமேல் செய்வதில்லை என்று சேகா அறிவித்துவிட்டது. நவம்பரில் ‘ரெஸ்’ வந்தபோது வீடு இடிந்துபோயிருந்தது. அமெரிக்காவுக்குப் போட்டிக்காரரின் பெட்டிக்கான பதிப்பு மட்டுமே போய்ச் சேர்ந்தது. விமரிசகர்கள் புகழ்ந்தார்கள். ஜனங்கள் வாங்கவில்லை. 2003-ல் யுனைடெட் கேம் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற அவருடைய கூட்டத்தை வேறொரு பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். அதே வருஷம் மிசுகுச்சி சேகாவை விட்டு வெளியேறினார். மற்றவர்களுக்கு 2002-லேயே அடுத்த பாகம், அதற்குப் பின் இன்னொன்று என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பாகத்தின் ரேடியோவில் 1980-களின் பிரபல பாட்டுகளையே விலை கொடுத்து வாங்கிப் போட்டார்கள்.

இருந்தும் ‘ரெஸ்’ சாகவில்லை. 2008-ல் புதுப்பித்து விட்டார்கள். 2016-ல் கண்ணில் மாட்டிக்கொள்ளும் கருவிக்காக மறுபடி வந்தது. மிசுகுச்சியே புதிதாக ஒரு வட்டாரத்தைச் சேர்த்திருந்தார். பதினைந்து வருஷம் ஒரு மனிதர் தோற்றுப்போன தம் வேலையைக் கைவிடாமல் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

பத்தாம் நாள் பெட்டியைத் திருப்பி எடுத்துப் போக மருமான் வந்தான், தன் தங்கையையும் அழைத்துக்கொண்டு. ஏழு வயதுக் குழந்தை. ‘ரெஸ்’ஸை அவள் கையில் கொடுத்தோம். குறிவைக்கத் தெரியவில்லை, கண்டபடி பொத்தானை அமுக்கினாள். அறையெல்லாம் சங்கீதமாயிற்று. “நான் வாசிக்கிறேன் மாமா, நான்தான் வாசிக்கிறேன்!” என்று கத்தினாள். அவள் அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். இயந்திரம் திருத்துகிற சமாசாரத்தை நான் சொல்லப்போகிறேன் என்று பயந்தான் போலிருக்கிறது.

நான் சொல்லவில்லை. “இன்னும் கொஞ்ச நேரம் வாசி, அம்மா” என்றேன்.