ஷாக் பொத்தான் நர்ஸ் கைக்கு வந்த கதை

அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் என்றொரு பிழைப்பு உண்டு. ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைக்கு ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் போவார்கள். பெரும்பாலும் 13 வாரம். முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊர், வேறு மருத்துவமனை. இதில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறவர்களின் தைரியம் தனி. அடையாள அட்டை, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு, உள்ளூர் நர்ஸோடு ஓரிரு ஷிஃப்ட். அவ்வளவுதான் அறிமுகம். அதன்பின் இரண்டு நோயாளிகள் அவர் பொறுப்பு. கேன்டீன் எந்த மாடியில் என்று தெரிந்திருக்காது. டூட்டி டாக்டர் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடத் தொடங்கி, நோயாளியும் நினைவிழந்தால் என்ன செய்வது என்று தெரியும். டாக்டர் வரட்டும் என்று கைகட்டி நிற்கமாட்டார். தானே ஷாக் கொடுத்துவிடுவார்.

இன்று இது சாதாரணம். 1960 வாக்கில் கேட்டிருந்தால் பல டாக்டர்கள் அதிர்ந்துபோயிருப்பார்கள்.

அந்தக் காலத்தில் மாரடைப்புக்கு வைத்தியம் என்றால் படுக்கைதான். வலிக்கு மார்ஃபின், மூச்சுக்கு ஆக்சிஜன், பிறகு வாரக்கணக்கில் அசையாமல் கிடப்பது. 1952இல் பாஸ்டன் டாக்டர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் நோயாளியை நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று எழுதியதே புரட்சியாக இருந்தது. 1955 செப்டம்பரில் டென்வரில் மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவர் மருத்துவமனையை விட்டு வெளியே வர நவம்பர் ஆகிவிட்டது. அவராவது அதிபர், சுற்றிலும் ஆட்கள். மற்றவர்கள் பொது வார்டில் ஏதோ ஒரு மூலையில் கிடந்தார்கள். தொந்தரவு செய்யக் கூடாது என்று கொஞ்சம் ஒதுக்குப்புறமாகவே படுக்கவைப்பதும் உண்டு. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேர் இறந்தார்கள்.

அவர்களில் பலருக்கு இதயத் தசை முழுக்கக் கெட்டுப்போயிருக்கவில்லை. துடிப்பின் தாளம்தான் கெட்டிருந்தது. கீழறைகள் ஒழுங்காகச் சுருங்குவதற்குப் பதில் வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். ரத்தம் ஒரு சொட்டு வெளியேறாது. சரியான நேரத்தில் மின் அதிர்ச்சி கொடுத்தால் அந்த நடுக்கம் நின்று பழைய துடிப்பு திரும்பக்கூடும். இது டாக்டர்களுக்குத் தெரியாததல்ல. 1947இல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக், அறுவை மேஜையில் திறந்திருந்த நெஞ்சுக்குள் ஒரு சிறுவனின் இதயத்துக்கு ஷாக் கொடுத்துக் காப்பாற்றினார். 1956இல் பாஸ்டனில் பால் சோல், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே அதைச் செய்துகாட்டினார். 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தியே ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று எழுதினார்கள். ஆக, வேண்டிய ஆயுதம் எல்லாம் வந்துவிட்டது. ஆயுதம் ஒரு மாடியில், நோயாளி இன்னொரு மாடியில் என்பதுதான் சிக்கல். நெஞ்சை அழுத்தாமல் விட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும்.

எடின்பரோவில் பணியாற்றிய டெஸ்மண்ட் ஜூலியன் 1961இல் லான்செட் இதழில் இதற்கு ஒரு வழி சொன்னார். மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள், ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருக்கட்டும், கோளாறு வந்தால் அலாரம் அடிக்கட்டும். கூடவே இன்னொன்றும் சொன்னார்: டாக்டர் இல்லாத நேரத்தில், பயிற்சி பெற்ற நர்ஸே உயிர்மீட்பைத் தொடங்கலாம். என் கணக்கில் அந்தக் கட்டுரையிலேயே துணிச்சலான யோசனை இதுதான். அலாரத்தைக் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கான்சஸ் சிட்டியின் பெத்தனி மருத்துவமனையில் ஹியூஸ் டே முதலில் வேறு வழியில் முயன்றார். உயிர்மீட்புச் சாமான்களை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, கூப்பிட்ட வார்டுக்கு ஓடுவது. இன்று எல்லா ஐ.சி.யூ.விலும் நிற்கும் கிராஷ் கார்ட்டின் முன்னோடி அது. ஆனால் வண்டி போய்ச் சேர்வதற்குள் காரியம் கைமீறிவிடும். நோயாளியைத் தேடி வண்டி ஓடுவதை விட நோயாளிகளை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவருவது மேல் என்று முடிவு கட்டி, 1962 மே மாதம் தனிப் பிரிவைத் திறந்தார். இதயம் நின்றுபோனால் எழும் ‘கோட் ப்ளூ’ என்ற கூப்பாடும் அந்த மருத்துவமனையில் பிறந்ததாகத்தான் சொல்வார்கள்.

ஏறக்குறைய அதே நேரத்தில் பிலடெல்பியாவின் பிரெஸ்பிடீரியன் மருத்துவமனையில் லாரன்ஸ் மெல்ட்சர் ஒரு சிறிய ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். கூட்டாளியாக ரோஸ் பின்னியோ என்ற நர்ஸ். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் இவர்தான். மெல்ட்சரின் கேள்வி எளிமையானது: இருபத்துநாலு மணி நேரமும் கட்டில் பக்கத்தில் நிற்பது யார்? டாக்டர் இல்லை. அப்படியானால் மானிட்டரைப் படிக்கவும் அபாயத்தை அடையாளம் காணவும் ஷாக் கொடுக்கவும் நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இத்தனை மெஷினும் வெறும் அலங்காரம். எதிர்ப்பு வராமல் இல்லை. அதுவரை நர்ஸின் வேலை டாக்டர் சொன்னதைச் செய்வது. நோயைக் கண்டறிவது டாக்டரின் ராஜ்ஜியம். நர்ஸ் தானே முடிவெடுத்து மின்சாரம் பாய்ச்சினால் சட்டம் என்ன சொல்லும், தப்பாகிவிட்டால் யார் பொறுப்பு என்றெல்லாம் வாதம் நடந்தது. நியாயமான பயம்தான். ஆனால் நடுநிசியில் நோயாளியின் துடிப்பு தடுமாறும்போது இந்த வாதம் எதற்கும் உதவாது.

மானிட்டரைப் படிப்பது என்றால் கோட்டைப் பார்ப்பது மட்டுமில்லை. காலையில் நோயாளி உட்கார்ந்து பல் துலக்கினால் போதும், கை ஆட்டத்தில் திரையில் உயிருக்கு ஆபத்தான துடிப்பு போலவே மலைமலையாகக் கோடு எழும், அலாரமும் அலறும். புதியவர் பதறிப்போய் ஓடுவார். பழகியவர் முதலில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். வாயில் நுரையோடு அவர் திரும்பிப் பார்த்தால் அலாரத்தை அமர்த்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். நெஞ்சில் ஒட்டிய மானிட்டர் பட்டை கழன்றாலும் இதே கூத்துதான். எது நிஜம், எது நடிப்பு என்று பிரித்தறிவதற்குத்தான் அந்தப் பயிற்சியில் பாதி நேரம் போகும்.

1965இல் மெல்ட்சர், பின்னியோ, கிட்செல் மூவரும் நர்ஸ்களுக்கென்றே இதயத் தீவிர சிகிச்சைக் கையேடு ஒன்றை வெளியிட்டார்கள். டிராவல் நர்ஸின் பூர்வீகம் அதில்தான் இருக்கிறது என்பேன். ஒரு பிரிவுக்குள் வாய்மொழியாகப் புழங்கிய கைப்பழக்கம் அச்சில் ஏறி எந்த ஊருக்கும் போகக்கூடியதாகிவிட்டது. 1967இல் நியூயார்க்கின் கில்லிப்பும் கிம்பாலும் 250 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை, இத்தகைய பிரிவில் உடனுக்குடன் சிகிச்சை நடந்தால் சாவு வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது. அதன்பின் எல்லா மருத்துவமனைக்கும் சி.சி.யூ. எனப்படும் இந்த இதயப் பிரிவு ஒன்று வேண்டியிருந்தது, நர்ஸுக்கு எங்கே போவது? 1969இல் இதய நர்ஸ்களுக்கென்று தனிச் சங்கம் வந்தது. 1971இல் அது எல்லாத் தீவிர சிகிச்சை நர்ஸ்களுக்குமான சங்கமானது. 1976 முதல் நாடு முழுவதற்கும் ஒரே சான்றிதழ் தேர்வு. டெக்சாஸில் எழுதினாலும் ஓஹையோவில் எழுதினாலும் அதே கேள்வித்தாள்.

அறிவுக்கு எல்லை போய்விட்டது, லைசென்ஸுக்குப் போகவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் நர்ஸிங் போர்டு, மாநிலத்துக்கு மாநிலம் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. 2000இல்தான் ஒரு லைசென்ஸை வைத்துப் பல மாநிலங்களில் வேலை பார்க்கும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் சேர்ந்துவிட்டன. நியூயார்க்கும் கலிபோர்னியாவும் சேராமல் பிடிவாதமாக நிற்கின்றன. இதில் வேடிக்கை, ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று 1999இல் சட்டமியற்றி, 2004 முதல் அதை நடைமுறைப்படுத்திய மாநிலம் கலிபோர்னியா. சட்டப்படி நடக்க நர்ஸ்கள் வேண்டும். ஆனால் வெளிமாநிலத்துக்காரர் வந்தால் தனி லைசென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும்.

டிராவல் நர்ஸின் ஒப்பந்தத் தொகை உள்ளூர்க்காரர் சம்பளத்தை விடப் பெரும்பாலும் அதிகம். அந்தக் கடுப்பு பிரிவுக்குள் இருக்கத்தான் செய்யும். வேறு வார்டில் ஆள் குறைந்தால் முதலில் அனுப்பப்படுவதும் டிராவலர்தான். அனுபவசாலிகள் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுவார்கள்: எத்தனை நோயாளி, எந்தெந்த வார்டுக்கு அனுப்புவீர்கள், இதயத்துக்குத் துணையாக ஓடும் பலூன் பம்ப் மெஷின் பொருத்திய நோயாளியைக் கொடுப்பீர்களா?

கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் பதில் ‘இல்லை’. ஷாக் கொடுக்க யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் பலூன் பம்பைத் தொட வேண்டுமென்றால் அந்த மருத்துவமனையின் வகுப்பில் உட்கார்ந்து, அவர்கள் தாளில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும், பத்து வருடம் அதே மெஷினோடு குடும்பம் நடத்தியவராக இருந்தாலும் சரி. அந்த வகுப்பு மாதம் ஒருமுறைதான் நடக்கிறதென்றால், அது வருவதற்குள் ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்திருக்கும்.