புரதத்தைப் பிடித்தோம், கொழுப்பை விட்டோம்

சேலம் அஸ்தம்பட்டியில் தங்கி உயிர்வேதியியல் படிக்கும் மாணவர், புரதம் ஒன்றின் வடிவத்தைக் கணினியில் கட்டியதும் அதைச் சரிபார்க்க நாடுவது ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் போட்ட கணக்கு அது. புரதச் சங்கிலியின் எந்தெந்தத் திருப்பங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டாது என்பதை அது சொல்லிவிடும். அப்போது வடிவம் தெரிந்திருந்த புரதங்கள் மயோகுளோபின், ஹீமோகுளோபின் என்று மிகச் சிலவே. இரண்டும் நீரில் கரைபவை. செல் சவ்வின் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும் புரதம் எதன் வடிவமும் அன்று தெரியாது.

கொழுப்பின் கதை தனியாக நடந்துகொண்டிருந்தது. 1925-இல் நெதர்லாந்தின் கோர்ட்டரும் கிரெண்டலும் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனால் பிரித்து நீரின் மேல் பரப்பினார்கள். செல்லின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இடத்தை அது அடைத்ததால், சவ்வு இரண்டடுக்குக் கொண்டது என்றார்கள். கொழுப்பை அவர்கள் முழுதாகப் பிரிக்கவில்லை, செல்லின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டார்கள். ஒரு பிழையை மற்றது ஈடுகட்ட, விடை சரியாக வந்தது! 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் தந்த மாதிரியில் அந்தக் கொழுப்பு, புரதங்கள் மிதக்கும் கடலானது. கடலுக்கென்று ஒரு வேலை இருக்கும் என்று வெகுகாலம் பலரும் எண்ணவில்லை.

இந்தியாவில் இரண்டு கதைகளும் சந்தித்த இடங்களில் ஒன்று பெங்களூரு. இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்ற ராமச்சந்திரன் அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கினார். ஹார்வர்டில் வேதியியலாளர் வுட்வர்டிடம் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) முடித்த பி.பலராம் 1973-இல் அத்துறைக்கு வந்தார். வுட்வர்டிடம் அவர் பழகியது கரிம வேதியியல் தொகுப்பு. பெங்களூரில் அவர் கையிலெடுத்தது அலமெத்திசின் என்ற பூஞ்சைப் பெப்டைடு. அதிலுள்ள ‘எயிப்’ என்ற அமினோ அமிலத்தில், ஹைட்ரஜன் இருக்கவேண்டிய இடத்தில் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதி இருக்கிறது. அந்த நெரிசலில் சங்கிலி சுருளாக வளைவதைத் தவிர அதிக வழியில்லை. ராமச்சந்திரன் கணக்கு சொன்னதும் இதுதான். அந்தச் சுருள்கள் சில ஒன்றுகூடிச் சவ்வை ஊடுருவி நின்றால் நடுவே அயனிகள் கடக்கும் வழி திறக்கிறது. ஆர்.நாகராஜும் பலராமும் இதைப் பற்றி 1981-இல் எழுதிய ஆய்வுரை இன்றும் படிக்கத் தக்கது. நாகராஜ் பின்னர் ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்துக்குச் சென்றார்.

கொழுப்புக்கு உரிய இடத்தைக் கேட்டு வாங்கியதில் அதே மையத்தின் அமிதாப சட்டோபாத்யாயாவுக்குப் பெரும் பங்கு உண்டு. கலிஃபோர்னியாவின் டேவிஸில் போஸ்ட்டாக் செய்து திரும்பியவர் அவர். இறைச்சிக் கூடத்திலிருந்து மாட்டு மூளையைச் சூடு ஆறுமுன் வாங்கிவந்து, ஹிப்போகேம்பஸ் பகுதியை வெட்டியெடுத்து, திரவ நைட்ரஜனில் உறையவைப்பார்கள். அதன் சவ்விலிருந்து மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் கொண்டு கொலஸ்ட்ராலை உருவினால், அதிலுள்ள செரோட்டோனின் 1ஏ ஏற்பி என்ற புரதம் மருந்து மூலக்கூறுகளைப் பற்றும் திறன் குறைந்தது. கொலஸ்ட்ராலைத் திருப்பிக் கொடுத்ததும் திறன் மீண்டது. அவருடைய மாணவர் தாமஸ் புக்காடியிலும் அவரும் இதை 2004-இல் வெளியிட்டார்கள். 2021-இல் வேறொரு குழு மின்னணு நுண்ணோக்கியால் கண்ட அதே ஏற்பியின் வடிவத்தில், கொலஸ்ட்ரால் ஏற்பியை ஒட்டியே அமர்ந்திருந்தது.

புக்காடியில் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கழகத்தில் சாண்ட்ரா ஷ்மிடிடம் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தபோது ஏற்பியை விட்டு, சவ்வை அறுக்கும் டைனமின் புரதத்துக்கு மாறினார். நுண்ணிய சிலிக்கா மணிகளின் மேல் தேவைக்கு மிஞ்சிய கொழுப்புப் படலத்தைப் போர்த்தி, டைனமினையும் அதற்கு ஆற்றல் தரும் ஜிடிபி (GTP) மூலக்கூறையும் சேர்த்தால் சிறு குமிழ்கள் அறுந்து விலகுவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்க முடிந்தது. 2008-இல் ‘செல்’ இதழில் வெளியானது அந்த வேலை. புனேயின் ஐசர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்தபின் அவர் குழு, சவ்வு எப்படி அறுகிறது என்ற கேள்வியைச் சவ்வுக் குழாய்களில் தொடர்ந்தது.

நம் ஊரில் போஸ்ட்டாக் என்றால் வேலை கிடைக்கும்வரை காத்திருக்கும் காலம் என்றே பலர் எண்ணுகிறார்கள். பலராமும் புக்காடியிலும் கருவியையோ கேள்வியையோ மாற்றிக்கொண்டது அந்தக் காலத்தை ஒட்டித்தான். மத்திய அரசின் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகைக்கோ இரண்டே ஆண்டுகள். சவ்வுப் புரதம் ஒன்றைச் சிதையாமல் பிரித்தெடுக்கும் வேலையே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடக்கூடும்.