பதினெட்டு வளைவும் ஒரு டேங்க் காற்றும்

பழைய தெல்தெனிய பட்டினம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. மழை பொய்க்கும் வருடங்களில் நீர் இறங்க, பழைய கட்டடங்களின் மிச்சம் வெளியே தெரியும். பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள். என் நினைவில் நிற்பது அந்தக் கடைத்தெருவில் லொறிகள் நின்று மூச்சு வாங்கிய இடம். கண்டியிலிருந்து வந்த வண்டி அங்கே நின்று, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, டயரைத் தட்டிப் பார்த்துத்தான் ஹுன்னஸ்கிரிய ஏற்றத்துக்குப் புறப்படும். அதற்கப்பால் மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு.

அப்பா ரங்கல பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டினார். அந்தக் காலத்துக் கிளீனர் பையனின் கையில் இரண்டு சாமான் எப்போதும் இருக்கும். ஒன்று, ஆப்பு மாதிரி சீவிய மரக்கட்டை. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் டிரைவர் "கட்டை போடுடா!" என்று கத்துவதற்கு முன்பே பையன் குதித்துப் பின்சக்கரத்துக்கு அதை இடித்து வைத்திருப்பான். மற்றது கைப்பம்பு. லொறி டயர் பாரத்தோடு ஓட 100 இறாத்தலை ஒட்டிக் காற்று வேண்டும். கைப்பம்பில் அந்த அளவுக்கு ஏற்றுவதென்றால் இரண்டு ஆள் மாறி மாறி அடித்தாலும் தோள் கழன்றுவிடும். பெற்றோல் எஞ்சின் வண்டிகளுக்கு வேறொரு உபாயம் இருந்தது. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு சின்னப் பம்பைத் திருகுவார்கள். மற்றச் சிலிண்டர்களில் எஞ்சின் ஓடும். பிளக் இழந்த சிலிண்டர் பம்பை இயக்கி டயருக்குக் காற்று அடிக்கும். லொறி தன் காற்றைத் தானே உண்டாக்கத் தொடங்கியது அப்படித்தான். டீசல் வந்ததும் பிளக்கும் போயிற்று, அந்த வித்தையும் போயிற்று.

பிரேக் கதை டயர் கதையைவிடக் கடுமையானது. அந்த வண்டிகளில் பலவற்றில் மிதிக்கு உதவியாக இருந்தது வெக்யூம். எஞ்சின் உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடத்தை ஒரு பக்கமும் வெளிக்காற்றை மறுபக்கமும் விட்டு, வெளிக்காற்றின் அமுக்கத்தால் பிரேக்கைத் தள்ளும் ஏற்பாடு. அதன் பலம் வெளிக்காற்றின் பலத்தைத் தாண்டவே முடியாது. கடல்மட்டத்தில் ஒரு பார் அளவு. ஆயிரம் மீட்டர் உயரத்தில் அதிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். பிரேக் அதிகம் தேவைப்படும் மலையில்தான் அதன் பலம் குறைவு. இறக்கத்தில் எஞ்சின் நின்றுபோனால் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் உதவி கிடைக்காது. அப்பா இறக்கத்தில் கியரை மாற்றவே மாட்டார். ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் சட்டம்.

அமுக்கிய காற்றால் பிரேக் பிடிக்கும் யோசனை ரயிலிலிருந்து வந்தது. 1869இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அதற்கு உரிமம் பெற்றார். முதல் அமைப்பில் குழாய் வெடித்தால் பிரேக்கும் இல்லாமல் போனது. 1872இல் அவர் முறையைத் தலைகீழாக்கினார்: குழாயில் அமுக்கம் இருக்கும்வரை சக்கரம் விடுபட்டிருக்கும், அமுக்கம் இறங்கினால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு புரட்டல் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும்! இன்றைய லொறியின் பார்க்கிங் பிரேக்கும் அதே புத்தியில்தான் நடக்கிறது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள குடுவைக்குள் ஒரு தடித்த ஸ்பிரிங் சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். காற்று வந்து தள்ளினால்தான் விடும். காலையில் டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டு பஸரின் சத்தம் அடங்கும்வரை நகராமல் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான்.

1958இல் தொடங்கிய இ.போ.ச. லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டைத்தட்டு பஸ்களை வாங்கி இறக்கியது. அவற்றின் பிரேக் காற்றில் இயங்கியது. கம்ப்ரசரைக் கழற்றி ரிங் மாற்றத் தெரிந்த பாஸ்மார் அந்த டிப்போக்களில் உருவானார்கள். லொறிக்காரருக்கு அந்த வசதி பரவலாக வந்தது 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு. 1982இல் லங்கா அசோக் லேலண்ட் நிறுவனமும் தொடங்கியது.

அதே வருடங்களில்தான் எங்கள் பள்ளத்தாக்கில் விக்டோரியா அணை எழுந்தது. 122 மீட்டர் உயரம். மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம். பாறை துளைக்கும் இயந்திரங்களுக்குக் காற்று ஊட்டிய பெரிய கம்ப்ரசர்களின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சர் வந்திருக்க அணை திறக்கப்பட்டது. பட்டினம் மேட்டுக்கு இடம்பெயர்ந்தது, பழைய வீதியும் ஓரளவு நீருக்குள் போயிற்று. அணை வேலையில் குழாயும் வால்வும் பழகிய பையன்கள் சிலர் புதிய ஊரில் லொறி கராஜுகளுக்கு வந்தார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். லொறியில் கம்ப்ரசர் வந்ததும் எல்லாரும் அதில் பங்கு கேட்டார்கள். நீளமான ஹோர்ன் வேண்டும், டயருக்கு அடிக்க ஒரு டெப் வேண்டும், பிறகு சீட்டுக்கும் காற்று. கைப்பம்பில் மாய்ந்தவர்களின் ஆசை நியாயமானதுதான். ஆனால் பலர் பிரேக் டேங்கிலேயே ஓட்டை போட்டு டெப் பூட்டினார்கள். அந்த டெப்பின் வாஷர் தேய்ந்து இரவெல்லாம் ஒழுகினால் காலையில் டேங்க் வெறுமை. ஓடும்போது ஹோஸ் பிய்ந்தால் பிரேக்குக்கான காற்று வீதியில் போகும்.

சரியான வழி நான்கு கிளை வால்வு. கம்ப்ரசர் தரும் காற்று கவர்னரைத் தாண்டி, ஈரம் வாங்கும் டிரையரைத் தாண்டி இந்த வால்வுக்கு வரும். முதல் இரண்டு கிளை முன், பின் பிரேக்குக்கு; மூன்றாவது பார்க்கிங்குக்கு; நான்காவதுதான் ஹோர்ன், டயர் போன்ற மற்றவற்றுக்கு. நான்காவதில் என்ன உடைந்தாலும் வால்வு அந்தக் கிளையை மூடி, மற்றவற்றில் பிரேக் பிடிக்கும் அளவு அமுக்கத்தைத் தக்கவைக்கும். காற்றில் முதல் உரிமை பிரேக்குக்கு என்பதை வால்வே காவல் காக்கிறது.

எங்கள் மலைக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு: ஈரம். நக்கில்ஸ் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் டேங்கின் அடித் திருகைத் திறந்தால் முதலில் சீறிக்கொண்டு வருவது தண்ணீர், கம்ப்ரசர் எண்ணெய் கலந்து பால் நிறத்தில். உள்ளங்கையில் விட்டு விரலால் தேய்த்துப் பார்ப்பேன். எண்ணெய் அதிகமென்றால் கம்ப்ரசரின் ரிங் போகப் போகிறது. வெறும் தண்ணீர் அதிகமென்றால் டிரையரின் மணிகள் தீர்ந்துவிட்டன. தண்ணீரைத் தேங்கவிட்டால் டேங்கும் உள்ளே துருப்பிடிக்கும், வால்வும் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது நக்கில்ஸ் பாதைக்குப் போகும் பிக்கப் வண்டிகளில் பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரசரைப் பூட்டித் தரச் சொல்கிறார்கள். கரடுமுரடான பாதையில் டயரின் காற்றைக் குறைத்து ஓட்டி, தார் வீதிக்கு வந்ததும் நிரப்பிக்கொள்ள. தாராளமாகப் பூட்டலாம், அவற்றின் பிரேக் எண்ணெயில் நடப்பது. லொறிக்காரத் தம்பிமார் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நமக்கும் டேங்கிலேயே ஒரு டெப் போட்டுத் தாங்களேன்" என்று வந்தால், முதலில் வண்டியை வாங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு எஞ்சினை நிறுத்துகிறேன். சாவியைத் திருப்பி வைத்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே பிரேக்கை மிதித்து மிதித்து விடச் சொல்கிறேன். முள் சிவப்புக்கு இறங்கும் முன் பஸர் கத்த வேண்டும். கத்தாத வண்டியில் அன்றைக்கு அந்த வேலைதான் நடக்கும். டயர் டெப் அதற்குப் பிறகு, அதுவும் நான்காவது கிளையில்.