இடி முழங்கினால் தலையிடி வருமா?

நம் பக்கத்தில் தலைவலி என்று சொல்வது குறைவு, தலையிடி என்போம். திருகோணமலையில் ஐப்பசி மாதத்து மாலைகளில் அந்தச் சொல் இன்னும் பொருந்திவிடுகிறது. துறைமுகத்தின் மேல் வானம் கறுக்கத் தொடங்கும்போதே, "எனக்கு மண்டை இடிக்குது, இண்டைக்கு மழைதான்" என்று சொல்லும் ஒருவர் நம்மில் பலருடைய வீட்டில் இருக்கிறார். வீட்டார் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதில்லை. அந்தத் தலையிடி உண்மையானது. ஆனால் அதற்கு வானம் மட்டும்தான் காரணமா என்பதைப் பார்க்க வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைத் தலையிடி உள்ள 90 பேர் தங்கள் தலையிடியை நாள்தோறும் குறித்துவந்தார்கள். வீட்டிலிருந்து சுமார் 40 கிலோமீற்றருக்குள் மின்னல் விழுந்த நாட்களில் தலையிடிக்கான வாய்ப்பு 31 சதவீதம் கூடியிருந்தது. இதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். சாதாரண நாட்கள் நூறில் பத்து நாள் தலையிடி வரும் ஒருவருக்கு, மின்னல் நாட்கள் நூறில் ஏறத்தாழ பதின்மூன்று நாள் வரும் என்பதே இதன் பொருள். மின்னல் அடிக்கும் நாளிலெல்லாம் வரும் என்பதல்ல.

ஜப்பானில் 28 பேரை வைத்து 2011இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று, வளிமண்டல அமுக்கம் 5 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கும்போது ஒற்றைத் தலையிடி கூடியதாகச் சொன்னது. பொஸ்டன் நகரில் கடும் தலையிடியுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 7,054 பேரை ஆராய்ந்த 2009ஆம் ஆண்டின் ஆய்வு வெப்பத்தைச் சுட்டியது: வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் கூடினால் அடுத்த 24 மணி நேரத்தில் ஆபத்து 7.5 சதவீதம் கூடும்.

ஒற்றைத் தலையிடி உள்ளவரின் மூளை மாற்றங்களைத் தாங்குவது கடினம். வெளிச்சம், சத்தம், வெப்பம், பசி, தூக்கக் குறைவு எதுவும் அதைத் தூண்டலாம். முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு, மூளையுறையின் இரத்தக் குழாய்களைச் சுற்றி அழற்சியை உண்டாக்கும் பொருட்களை வெளிவிடுகிறது. கொட்டாவி, கழுத்து இறுக்கம், களைப்பு ஆகியவை வலிக்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கலாம்.

திருகோணமலையின் காற்றும் மழையும்

நாம் ஜப்பானில் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள நம் ஊரில் அமுக்கம் தினமும் காலை பத்து மணியளவில் உச்சத்துக்கு ஏறி, பிற்பகல் நான்கு மணியளவில் இறங்கும். அதைத் தவிர, ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் பெரிய வேறுபாடு வழக்கமாக இராது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகக் கரையைக் கடந்த புரெவி போன்ற சூறாவளிகள் விதிவிலக்கு.

ஆகவே நம் தலையிடிக்கு வேறு கூட்டாளிகளையும் தேட வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று உடம்பின் நீரை உறிஞ்சுகிறது. கடலில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழைக்கு முன் புழுக்கம் வாட்டுகிறது. கந்தசஷ்டி விரதமும் இந்த இடிமழைக் காலத்திலேயே வருகிறது. வெறும் வயிறு, வழக்கமான தேநீர் இல்லாத காலை, இரவில் மின்சாரம் நின்று கெட்ட தூக்கம் எல்லாம் சேர்ந்த பிறகு இடி முழங்கினால், பழி இடியின் மேல் விழுகிறது.

இடியா, செல்லா?

எங்கள் வாசகர்களில் பலருக்கு இடிச் சத்தம் வெறும் வானிலை அல்ல. 2006இல் சம்பூரிலும் மூதூரிலும் செல்லுக்கும் கிபிருக்கும் ஒளித்த பிள்ளைகள் இன்று பிள்ளைகளைப் பெற்றவர்கள். இடி கேட்டதும் நெஞ்சு படபடத்து, கழுத்துத் தசை இறுகி, இரவு தூங்காமல் கிடந்தால் மறுநாள் தலையிடிப்பது இயல்பு. போர் போன்ற அதிர்ச்சிகளின் மனத்தாக்கம் நீடிப்பவர்களிடம் ஒற்றைத் தலையிடியும் கூடுதலாகக் காணப்படுகிறது.

எப்படிப் பிரித்தறிவது? இடிக்கு முன்பே தொடங்கி, குமட்டலோடும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமலும் வந்தால் ஒற்றைத் தலையிடியாக இருக்கக்கூடும். சத்தத்துக்குப் பிறகு, நடுக்கமும் வியர்வையும் பழைய நினைவுகளும் சேர்ந்து வந்து, வெடி கொளுத்தினாலும் அதே நிலை என்றால், மனத்துக்கும் சிகிச்சை தேவை. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். மனநல உதவிக்கு 1926 என்ற தேசிய இலக்கத்தை அழைக்கலாம்.

தலையில் காயப்பட்டவர்களுக்கு ஒரு முக்கிய விடயம். உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருந்தால், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அதன் வலிய காந்தம் சில உலோகத் துண்டுகளை அசைக்கும். கண்ணுக்கோ மூளைக்கோ அருகில் இருந்தால் அது பேராபத்து. காயம் எப்படி வந்தது என்று கேட்பார்களோ என்று தயங்கி மறைக்க வேண்டாம். வைத்தியர் அறிய வேண்டியது துண்டு எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

கொப்பியும் குளிசையும்

ஒரு பழைய கொப்பி போதும். திகதி, தலையிடி தொடங்கிய நேரம், இடி மழை, தூக்கம், சாப்பாடு, தண்ணீர், மாதவிடாய், போட்ட குளிசை ஆகியவற்றை மூன்று மாதம் குறியுங்கள். கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் வைத்தியருக்கு உங்கள் வாய்ச்சொல்லைவிட அந்தக் கொப்பி உதவும்.

வளிமண்டலவியல் திணைக்களம் இடியுடன் கூடிய மழையை அறிவிக்கும் நாளில் வேளைக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், வெயிலில் தொப்பி போடுங்கள். தலையிடி தொடங்கியதும் குளிசையைப் போட்டு, இருட்டான இடத்தில் படுங்கள். குளிசை போட்ட நாட்களையும் எண்ணுங்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போடுவது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், குளிசையே தலையிடியைத் தரத் தொடங்கலாம். ட்ரிப்டான் வகைக்கும் கலப்பு மருந்துகளுக்கும் அந்த எல்லை 10 நாள். அடிக்கடி வருபவர்களுக்குத் தடுப்பு மருந்துகள் உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

மழைக்காலத்தில் காய்ச்சலோடு தலையிடி வந்தால் டெங்குவை நினையுங்கள். அப்போது அஸ்பிரின், இபுப்ரோபன் கூடாது. பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவோடு. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும், வாழ்நாளில் கண்டிராத தலையிடி. கை கால் விறைப்பு, பேச்சுக் குழறல், வலிப்பு, கழுத்து விறைப்பு, தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தலையிடி ஆகியவற்றை மழையின் மேல் போட்டுவிட்டுப் படுத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 இலவச நோயாளர் காவு வண்டி திருகோணமலைக்கும் வரும்.