ஆசிரியர் பொதுமாறுதல் கலந்தாய்வு

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் விருப்ப இடமாறுதல் பெறும் முறை. காலியிடங்கள் அறிவிக்கப்பட்டதும், முன்னுரிமை வரிசைப்படி ஒவ்வொருவரும் இணையவழியே பள்ளியைத் தேர்ந்தெடுப்பர். மாற்றுத்திறனாளிகள், கைம்பெண்கள் போன்றோருக்கு முதலிடம். கணவனும் மனைவியும் வெவ்வேறு ஊரில் வேலை பார்ப்பதும் கணக்கில் வரும். வரிசையில் பின்னால் நிற்பவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் பேருந்து எப்போதாவது வரும் ஊர்தான்.

இருவர் தமக்குள் பேசி இடம் மாற்றிக்கொண்டால் அது மனமொத்த மாறுதல்.

தொடக்கக் கல்வியில்தான் சிக்கல் அதிகம். அங்கே பணிமூப்பு ஒன்றிய அளவில் கணக்கிடப்பட்டது; சொந்த ஊருக்காக ஒன்றியம் மாறியவர் புதிய பட்டியலில் கடைசி ஆளானார், பதவி உயர்வும் தள்ளிப்போனது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை எண் 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது. உள்ளூரிலேயே தலைமையாசிரியராகக் காத்திருந்தவர்களுக்கோ, உயர்வு வந்தால் தொலைதூர மாவட்டம் என்ற கவலை. ஆசிரியர் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின.